கோல் குறைவது குறையா?

ஒன்றைக் குறை கூறுவோரில் இருவகையினர் உண்டு. அதனை நெடுநாள் பழகியறிந்து, அதன்மேல் கொண்ட அக்கறையினால் குறை கூறுவோர் ஒரு வகையினர். வேறொன்றை அளப்பதற்கென வைத்திருந்த அளவுகோலைக் கொண்டுவந்து இதனை அளந்து பார்த்து, நீளம் போதவில்லை என்போர் மற்றொரு வகையினர். முன்னவர் கூற்றை நாம் மதித்து ஏற்க வேண்டும். பின்னவர் கூற்றையும் புறந்தள்ள வேண்டியதில்லை. எனினும், அவர் கையிலுள்ள அளவுகோல் எதற்கு உரியது என்பதை முதலில் கேட்டறிதல் நலம்.

கால்பந்தாட்டத்தின்மேல் அமெரிக்க விளையாட்டு ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தி வரும் குற்றச்சாட்டுகளிற் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தவை என்பது நம் துணிபு. பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி ஆகிய நான்கு ஆட்டங்களில் ஊறி வளர்ந்தவர்கள் அவர்கள். உலகின் பெரும்பகுதி உயிரென மதிக்கும் ஓர் ஆட்டத்தைக் கண்டு அவர்களிற் பலர் உரைப்பன இவை: கோல் விழுவதே அரிது, ஒன்றரை மணி நேரம் ஓடியாடிய பின்னும் வெற்றி தோல்வியின்றிக் கலைந்து போகிறார்கள், ஆஃப்சைடு என்னும் விதி விழுகின்ற கோலையும் அழித்துவிடுகிறது, ஆட்டம் எப்போது முடியும் என்பது நடுவர் ஒருவருக்கே வெளிச்சம், காற்றுப் பட்டாலும் விழுந்து புரள்கிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, இஃது அந்நியர் ஆட்டம்.

விளையாட்டு வழக்குக்கு இலக்கிய ஏட்டில் என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் வினவலாம். ஒரு கலை வடிவத்தை எதனைக் கொண்டு மதிப்பிடுவது என்பதே இவ்வழக்கின் உட்பொருள். ஏழு சீர்க் குறளைக் கையில் வைத்துக்கொண்டு, காப்பியத்துக்குரிய நாட்டு வருணனை இதில் எங்கே என்று ஒருவர் கேட்டால் நாம் என்ன விடை கூறுவோமோ, அதனையே இங்கும் கூற வேண்டியிருக்கிறது. ஆயினும் விடையைச் சான்றுகளோடு கூறுதல் முறை. ஆதலின் ஆறு குற்றச்சாட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். எளிதானதை முதலில் முடித்துவிடலாம்.

அந்நியர் ஆட்டமா?

அமெரிக்கர் இவ்வாட்டத்தை 'சாக்கர்' என்கின்றனர். அச்சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கும் ஆங்கிலேயர் பலர். ஆனால் அச்சொல் பிறந்ததே இங்கிலாந்தில்தான். 1863ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய கால்பந்துச் சங்கம் விதிகளை வகுத்தது. அச்சங்கத்தைக் குறிக்கும் 'அசோசியேஷன்' என்ற சொல்லைச் சுருக்கி ஆங்கில மாணவர் வழங்கிய செல்லப்பெயரே 'சாக்கர்'. அப்பெயர் பிறந்த வீட்டில் வழக்கிழந்து, புகுந்த வீட்டில் நிலைத்துவிட்டது.

பெயர் மட்டுமன்று, ஆட்டமும் அமெரிக்காவுக்குப் பழையதே. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால் ரிவர் நகரின் பஞ்சாலைகளிலும், பென்சில்வேனியாவின் பெத்லெகம் எஃகு ஆலையிலும் உழைத்தோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதனை வளர்த்தனர். 'அமெரிக்கன் சாக்கர் லீக்' என்னும் தொழில்முறைப் போட்டி 1921இல் தொடங்கியது. இன்று அந்நாட்டில் கோலோச்சும் அமெரிக்கக் கால்பந்து லீக் தோன்றியது 1920இல். கூடைப்பந்தின் பெரிய லீக் தோன்றியது 1946இல். 1930ஆம் ஆண்டு உருகுவே நாட்டில் நிகழ்ந்த முதல் உலகக் கோப்பையில் அமெரிக்க அணி அரையிறுதி வரை சென்றது. உலகக் கோப்பை வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் வீரர், ஃபால் ரிவர் நகரத்தவரான பெர்ட் பேட்டனாட். இதனை ஃபிஃபா 2006இல்தான் ஏற்று அறிவித்தது என்பது வேறு செய்தி.

கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் கனடாவிற் பிறந்தவர். ஐஸ் ஹாக்கி கனடாவிலிருந்து வந்தது. அவற்றை அந்நியம் என்று அமெரிக்கர் எவரும் ஒதுக்கவில்லை. அந்நியம் என்பது பிறப்பைப் பற்றியதன்று, பழக்கத்தைப் பற்றியது என்பது இதனால் விளங்கும்.

எண்ணும் எடையும்

கோல் போதவில்லை என்பதே தலையாய குற்றச்சாட்டு. இதனை இரண்டு படிகளில் ஆராய்தல் வேண்டும்.

முதற்படி வெறும் கணக்கு. அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி 21 புள்ளியும் மற்றோர் அணி 14 புள்ளியும் எடுத்தால், பார்ப்பவருக்கு 35 புள்ளிகள் கண்ட நிறைவு உண்டாகிறது. ஆனால் அங்கே எதிரியின் எல்லையைக் கடந்து பந்தைச் சேர்க்கும் 'டச்டவுன்' ஒன்றுக்கு 6 புள்ளி. அதையொட்டிக் கிடைக்கும் கூடுதல் உதைக்கு 1 புள்ளி. ஆக, நிகழ்ந்தது மூன்றுக்கு இரண்டு என்ற வெற்றியே. நாணயத்தின் முகமதிப்பைப் பெருக்கினால் செல்வம் பெருகிவிடாது. 2019ஆம் ஆண்டு நிகழ்ந்த அவ்வாட்டத்தின் மாபெரும் இறுதிப் போட்டியில் நியூ இங்கிலாந்து அணி 13-3 என்று வென்றது. அன்று இருதரப்பிலும் சேர்த்து விழுந்த டச்டவுன் ஒன்றே ஒன்று!

அமெரிக்கர் தம் நெஞ்சில் போற்றிவைத்திருக்கும் பேஸ்பால் நினைவுகளைப் பார்ப்போம். 1956ஆம் ஆண்டு உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் டான் லார்சன் பந்தெறிந்தார். எதிரணியினர் ஒருவர்கூட முதல் தளத்தை எட்டவில்லை. ஆட்டம் 2-0 என முடிந்தது. 1991ஆம் ஆண்டுத் தொடரின் இறுதி ஆட்டம் ஒன்பது சுற்றுகள் ஓட்டமே இன்றிச் சென்று, பத்தாம் சுற்றில் 1-0 என முடிந்தது. இவ்விரண்டையும் சலிப்பூட்டும் ஆட்டங்கள் என்று கூறும் அமெரிக்கர் எவரும் இல்லை. தலைசிறந்த ஆட்டங்கள் என்றே கூறுவர். ஏன்? பந்தெறிபவரின் ஒவ்வோர் அசைவிலும் நிகழ்வது யாது என்பதை அவர்கள் கண் அறியும். எண்ணிக்கை ஏறாத நேரத்திலும் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்பதை அவர்கள் படிக்கக் கற்றிருக்கிறார்கள். அந்தக் கல்வியைக் கால்பந்துக்கும் சிறிது நீட்ட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

இரண்டாம் படி சற்று ஆழமானது. கோல் ஏன் அருகி வருகிறது? மனிதனின் அவயவங்களில் கையே கைத்திறனுக்கு உரியது. எழுதுவதும் நெய்வதும் செதுக்குவதும் கையே. கால்பந்து அந்தக் கையைப் பறித்துவிட்டு, நடக்கவும் சுமக்கவும் மட்டும் பழகிய காலிடம் நுண்பணியை ஒப்படைக்கிறது. பந்தை எவரும் கட்டியணைத்துக் காக்க முடியாது. உலகின் தலைசிறந்த வீரனும் ஒவ்வொரு நொடியும் அதனை இழக்கும் அபாயத்தில்தான் ஓடுகிறான். பத்துப் பேர் கூடி நெய்துவந்த ஆட்டம் கோல் முகப்பில் ஒரு விரற்கடையில் அறுந்துபோகிறது. இந்த அருமையே கோலுக்கு எடையைத் தருகிறது. கூடைப்பந்தில் ஓர் அணி நூறு புள்ளிக்கு மேல் எடுப்பது வழக்கம். அங்கே முதற்பாதியில் விழும் ஒரு கூடையை ஆட்டம் முடிந்ததும் எவர் நினைவிற் கொள்வர்? கால்பந்தில் ஒரு கோல் ஒரு நாட்டின் நினைவில் ஐம்பது ஆண்டு வாழ்கிறது.

எடை மட்டுமன்று, நீதியும் ஒன்று உண்டு. புள்ளிகள் மிகுதியாக விழும் ஆட்டத்தில் வலியவனே பெரும்பாலும் வெல்வான். நூறு முறை எறியும்போது தற்செயல் தன் வேலையைக் காட்ட இடமில்லை. கோல் அருகிய ஆட்டத்திலோ எளியவனுக்கும் ஒரு வாசல் திறந்தே இருக்கும். இதற்குச் சான்று தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை, அமெரிக்கரிடமே உள்ளது.

1950 ஜூன் 29. பிரேசில் நாட்டு பெலோ ஹொரிசோன்டே நகரம். உலகக் கோப்பைக்கு முதன்முறையாக வந்திருந்த இங்கிலாந்து அணியை அமெரிக்க அணி எதிர்கொண்டது. இங்கிலாந்தினர் தொழில்முறை ஆட்டக்காரர்கள். அமெரிக்க அணியின் கோல் காப்பாளர் ஃபிராங்க் போர்கி, சவ ஊர்தி ஓட்டிப் பிழைத்தவர். வால்டர் பார் பள்ளி ஆசிரியர். எய்ட்டி நாட்டில் பிறந்த ஜோ கேட்ஜென்ஸ், நியூயார்க் உணவு விடுதியில் பாத்திரம் கழுவிக்கொண்டே கணக்கியல் பயின்றவர். முதற்பாதியில் பார் அடித்த பந்தின் குறுக்கே பாய்ந்து கேட்ஜென்ஸ் தலையால் தொட்டார். அது கோலாயிற்று. அந்த ஒரு கோலை வைத்துக்கொண்டு எஞ்சிய நேரமெல்லாம் போர்கியும் தோழர்களும் போராடினர். ஆட்டம் 1-0. புள்ளிகள் மழையெனப் பொழியும் ஆட்டமாக இருந்திருந்தால் அன்று அவர்கள் வென்றிருக்க முடியாது. இதனைக் காண அங்கே சென்றிருந்த அமெரிக்கச் செய்தியாளர் ஒருவரே. அவரும் விடுப்பெடுத்துக்கொண்டு தம் சொந்தச் செலவில் சென்றவர். தம் மக்களின் வீரக்கதையைத் தாமே படிக்காமல் விட்டது அந்நாட்டின் ஏடுகள்தாம்.

சமநிலை வெறுமையா?

அடுத்தது, சமநிலையில் முடிதல். வெற்றியும் தோல்வியும் இல்லாத ஆட்டம் முடிவில்லாக் கதை என்பது குற்றச்சாட்டு. தனி ஆட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவ்வாறு தோன்றலாம். ஆனால் ஆட்டம் தனித்து நிற்பதில்லை. ஒரு தொடரின் உறுப்பாகவே நிற்கிறது. அங்கே வென்றவன், தோற்றவன் என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு நிலை இருப்பதனாலேயே ஒவ்வொரு நிமிடமும் உயிர் பெறுகிறது.

1989 நவம்பர் 19 அன்று, டிரினிடாட் நாட்டுத் தலைநகரில் அந்நாட்டு அணியும் அமெரிக்க அணியும் மோதின. டிரினிடாடுக்குச் சமநிலை போதும். வரலாற்றில் முதன்முறையாக உலகக் கோப்பைக்குச் செல்லலாம். அமெரிக்காவுக்கோ வெற்றி வேண்டும். 1950க்குப் பின் அவர்கள் உலகக் கோப்பையைக் கண்டதில்லை. 1994ஆம் ஆண்டுப் போட்டியை நடத்தும் உரிமை மட்டும் அவர்கள் கையில் இருந்தது. நாற்பது ஆண்டுகளாக ஆடாதவர் விருந்தோம்புநராக நிற்கும் நிலை! அரங்கம் முழுதும் செந்நிற உடையணிந்த டிரினிடாட் மக்கள். முதற்பாதியில் பால் கலிஜூரி தொலைவிலிருந்து இடக்காலால் அடித்த பந்து வளைந்து சென்று கோலுக்குள் இறங்கியது. அதன்பின் ஒரு மணி நேரம் ஒரு நாடே ஒரேயொரு கோலுக்காக ஏங்கி நின்றது. அது வரவில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபர் 10 அன்று, அதே டிரினிடாட் மண்ணில் காட்சி தலைகீழாக மாறியது. இப்போது சமநிலை போதும் என்று வந்தவர் அமெரிக்கர். எதிரணியோ புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. அமெரிக்கா 2-1 எனத் தோற்று, 2018ஆம் ஆண்டு உலகக் கோப்பையை இழந்தது. இன்னும் ஒரு கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்திருந்தால் போதும். சமநிலைக்கு மதிப்பில்லை என்று அன்றிரவு எந்த அமெரிக்க ரசிகரிடமாவது சொல்லத் துணிவோமா?

2010ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் அமெரிக்கரும் அல்ஜீரியரும் ஆடிய ஆட்டமும் இத்தகையதே. தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லை. அப்படியே முடிந்தால் அமெரிக்கா வெளியேற வேண்டும். கூடுதல் நேரத்தின் முதல் நிமிடத்தில் லாண்டன் டோனவன் கோல் அடித்தார். அவ்வொரு கோலினால் வெளியேற இருந்த அணி தன் பிரிவின் முதலிடத்துக்கு ஏறியது. தொண்ணூறு நிமிட வறட்சியை நீக்கிவிட்டு அந்த ஒரு துளியை மட்டும் தனியே சுவைக்க இயலாது.

கட்டும் கலையும்

ஆஃப்சைடு விதி புரிவதில்லை என்பர். விதி எளியது. எதிரணியின் பாதியில், தன் தோழன் பந்தை அனுப்பும் கணத்தில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்திய ஆட்டக்காரரையும் தாண்டிக் கோல் எல்லைக்கருகே நிற்பவன் அப்பந்தை ஆடலாகாது. சுருங்கச் சொன்னால், கோலின் வாசலில் பதுங்கிக் காத்திருக்கக் கூடாது. இவ்விதி இல்லையேல் ஒருவனைக் கோல் முகப்பில் நிறுத்திவிட்டு, இங்கிருந்து நெடும்பந்து அடிப்பதே ஆட்டமாகிவிடும், நடுக்களம் பாழாகும்.

இது கால்பந்துக்கு மட்டும் உரிய விந்தையன்று. ஐஸ் ஹாக்கியில் பந்தாக உருளும் வட்டுக்கு முன்னே நீலக்கோட்டைக் கடந்து நிற்பவன் ஆஃப்சைடு. கூடைப்பந்தில் கூடையின் அடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்றல் குற்றம். அமெரிக்கக் கால்பந்திலோ, முன்னோக்கிப் பந்தெறிதலே 1906இல்தான் அனுமதிக்கப்பட்டது. இன்றும் ஆட்டம் தொடங்கும் கோட்டைக் கடந்துவிட்டால் முன்னோக்கி எறிய இயலாது. தம் ஆட்டங்களில் இக்கட்டுகளை இயல்பென ஏற்றவர், இங்கே மட்டும் ஏன் மருள வேண்டும்?

கட்டு தளரும்போதும் கலை புதிதாகப் பிறக்கிறது என்பதற்கு 1925ஆம் ஆண்டு சான்று. அதுவரை தாக்குபவனுக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்றிருந்தது. அது இருவர் எனத் திருத்தப்பட்டது. இங்கிலாந்தின் முதற்பிரிவில் முந்திய பருவத்தில் ஏறத்தாழ 1,200 ஆக இருந்த கோல்கள் அடுத்த பருவத்தில் ஏறத்தாழ 1,700 ஆயின. உடனே ஆர்சனல் அணியின் ஹெர்பர்ட் சாப்மன் நடுவாட்டக்காரரைப் பின்னிழுத்து மூன்றாம் காவலராக நிறுத்தும் புதிய அணிவகுப்பை வளர்த்தெடுத்தார். தாக்குதலும் காவலும் இவ்வாறு ஒன்றையொன்று கூர்தீட்டி வந்த வரலாறே கால்பந்தின் வரலாறு. வெண்பாவின் ஈற்றடி மூன்று சீரோடு நிற்க வேண்டும் என்ற கட்டு புலவனுக்கு விலங்காகவா அமைந்தது? அக்கட்டுக்குள் சொல்லை நிறுத்தத் தெரிந்தவனையன்றோ நாம் புலவன் என்றோம்!

கடிகாரமும் கபடமும்

நேரம் பற்றிய குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. எத்தனை நிமிடம் வீணாயிற்று என்று கணிப்பது நடுவரே. அந்தக் கணிப்பு நெடுங்காலம் கஞ்சத்தனமாகவே இருந்தது. 2022ஆம் ஆண்டு கத்தார் உலகக் கோப்பையில் இதனைத் திருத்த முயன்றனர். இங்கிலாந்தும் ஈரானும் ஆடிய ஆட்டத்தில் இரு பாதிகளிலும் சேர்த்து ஏறத்தாழ 27 நிமிடம் கூட்டப்பட்டது.

ஆனால் நேரத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால் வழக்கு எதிர்த்திசையில் திரும்பிவிடும். அமெரிக்கக் கால்பந்தில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருக்கும் நேரம் ஏறத்தாழ 11 நிமிடமே என்று 2010இல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளேடு கணக்கிட்டுக் காட்டியது. அதன் ஒளிபரப்போ மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. கால்பந்தில் பந்து ஆட்டத்தில் இருப்பது ஏறத்தாழ 55 முதல் 60 நிமிடம். பேஸ்பாலும் தன் தாமதத்தைத் தானே உணர்ந்து, 2023இல் பந்தெறிய நேரக் கெடு விதித்துக்கொண்டது. சலிப்பு என்னும் சொல்லை எவர் எவர்மீது எறிவது?

விழுந்து புரளும் நாடகத்தை நாம் காக்க மாட்டோம். அது கபடம், கண்டிக்கத் தக்கது. கால்பந்து விதிகளும் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாகவே வைத்திருக்கின்றன. ஆயினும் அக்கபடம் ஓர் ஆட்டத்தின் பிறவிக் குணம் என்பதை ஏற்பதற்கில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து லீக் இதே குற்றத்துக்காக 2012 முதல் தன் வீரர்களுக்கு அபராதம் விதிக்க வேண்டியதாயிற்று. பரிசு பெரிதாகும் இடமெல்லாம் இந்நோய் பரவும்.

இன்னும் கொடிய குற்றமொன்றையும் மறைக்காமல் கூறிவிடுகிறோம். 1982ஆம் ஆண்டு ஸ்பெயின் உலகக் கோப்பையில் அல்ஜீரிய அணி மேற்கு ஜெர்மனியை 2-1 என வென்று உலகை வியக்க வைத்தது. ஆனால் அல்ஜீரியாவின் ஆட்டங்கள் முடிந்த மறுநாளே மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஹிஹோன் நகரில் ஆடின. ஜெர்மனி சிறிய வெற்றி பெற்றால் இருவரும் அடுத்த சுற்றுக்குச் செல்லலாம், அல்ஜீரியா வெளியேறும். தொடக்கத்திலேயே ஜெர்மனி ஒரு கோல் அடித்தது. அதன்பின் எஞ்சிய நேரமெல்லாம் இருதரப்பும் பந்தைத் தமக்குள் தள்ளிக்கொண்டு பொழுதைக் கழித்தன. கால்பந்து மீது எவர் எத்தனை குறை சொன்னாலும் இந்த ஒன்றுக்கு மறுமொழி இல்லை. ஆட்டமும் அதனை உணர்ந்து தன்னைத் திருத்திக்கொண்டது. 1986 முதல் ஒவ்வொரு பிரிவின் கடைசி ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடைபெறுகின்றன. அறிந்தவர் கூறும் குறை ஆட்டத்தை வளர்க்கும் என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு.

இரு முறை நடந்த சோதனை

குற்றச்சாட்டுகளுக்குச் சொல்லால் விடை கூறினோம். செயலாலும் ஒரு விடை உண்டு. அமெரிக்க ரசிகர் கேட்டவற்றையெல்லாம் கொடுத்துப் பார்த்த சோதனை அந்நாட்டிலேயே இரு முறை நடந்திருக்கிறது.

1968 முதல் 1984 வரை நிகழ்ந்த வட அமெரிக்கக் கால்பந்து லீக்கில் சமநிலை ஒழிக்கப்பட்டது. வெற்றிக்கு 6 புள்ளியும், அடிக்கும் கோல்களுக்கு மூன்று வரை தனிப்புள்ளிகளும் அளிக்கப்பட்டன. ஆஃப்சைடு விதி, கோலிலிருந்து 35 கஜத் தொலைவில் இட்ட கோட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாயிற்று. முடிவு தெரியாத ஆட்டத்தில், வீரன் ஒருவன் 35 கஜத்திலிருந்து பந்தை ஓட்டிவந்து ஐந்து நொடிக்குள் கோல் காப்பாளரை வெல்ல வேண்டும் என்ற புதுமை புகுத்தப்பட்டது. பெலே 1975இல் நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு வந்தார். பெக்கன்பவர் 1977இல் வந்தார். அவ்வாண்டில் ஓர் ஆட்டத்தைக் காண எழுபத்தேழாயிரம் பேருக்கு மேல் திரண்டனர். ஆனால் ஒரு காலத்தில் 24 அணிகள் இருந்த அந்த லீக் 1984இல் 9 அணிகளாகச் சுருங்கி மறைந்தது. விதிகளை மாற்றியதே அதனைக் கொன்றது என்று நாம் கூறவில்லை; அளவுமீறிய செலவும் அவசர விரிவுமே பெருங்காரணங்கள். ஆயினும், மாற்றிய விதிகள் அதனைக் காப்பாற்றவில்லை என்று கூறலாமன்றோ?

1996இல் 'மேஜர் லீக் சாக்கர்' தொடங்கியபோது பழைய மருந்தையே மீண்டும் புகட்டினர். 35 கஜ முடிவாட்டம் வந்தது. இறங்குமுகமாக ஓடிச் சுழியத்தில் நிற்கும் கடிகாரமும் வந்தது. அமெரிக்கக் கண்ணுக்கு இதமாக அமைத்த இவ்விரண்டையும் 1999ஆம் ஆண்டுப் பருவத்தோடு கைவிட்டனர். உலகம் ஆடும் முறைக்கே திரும்பிய அந்த லீக், 10 அணிகளோடு தொடங்கி, 2025இல் 30 அணிகளாக வளர்ந்து நிற்கிறது.

இம்மருந்து எங்கிருந்து வந்தது என்பதும் விளங்குகிறது. 1950இல் கூடைப்பந்து ஆட்டமொன்று 19-18 என முடிந்தது. ஓர் அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தியதால் நேர்ந்த விபரீதம் அது. 1954இல் 24 நொடிக் கெடு விதிக்கப்பட்டது, ஆட்டம் பிழைத்தது. அது சரியான மருந்து, ஏனெனில் கையிலிருக்கும் பந்தைப் பறிப்பது கடினம். காலில் உருளும் பந்தை எவனும் எந்நேரமும் பறிக்கலாம். ஒரு நோயாளியைப் பிழைக்க வைத்த மருந்தை, நோயில்லாத மற்றொருவருக்குப் புகட்டியதே பிழை.

ரோஸ் பௌல் அரங்கில் இரு நாள்கள்

முடிவாக ஓர் ஒப்பீடு. 1994 ஜூலை 17 அன்று, கலிஃபோர்னியாவின் பசடீனா நகரத்து ரோஸ் பௌல் அரங்கில் பிரேசிலும் இத்தாலியும் உலகக் கோப்பை இறுதியாட்டம் ஆடின. கூடுதல் நேரத்துக்குப் பின்னும் 0-0. இறுதியாட்டம் ஒன்று கோலின்றிச் சென்றது அதுவே முதன்முறை. பெனால்டியில் பிரேசில் வென்றது. கால்பந்தை இகழ்வோருக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் கிடைத்திராது. ஆனால் அந்தப் போட்டியின் 52 ஆட்டங்களையும் அரங்குகளில் கண்டோர் தொகை 35 லட்சத்துக்கும் மேல். 64 ஆட்டங்கள் நிகழ்ந்த 1998 முதல் 2022 வரையிலான ஏழு போட்டிகளில் எதுவும் அத்தொகையை எட்டவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1999 ஜூலை 10 அன்று, அதே அரங்கில் மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டம். அமெரிக்காவும் சீனாவும் மோதின. கண்டோர் 90,185 பேர். கூடுதல் நேரத்திலும் அதே 0-0. கோலுக்குள் நுழையவிருந்த சீனரின் பந்தொன்றைக் கோட்டின் மேல் நின்று கிறிஸ்டின் லில்லி தலையால் தட்டிக் காத்தார். பெனால்டியில் ஒன்றைப் பிரையானா ஸ்கரி தடுத்தார். கடைசி உதையைப் பிராண்டி சாஸ்டெய்ன் கோலாக்கினார். அமெரிக்கர் தம் விளையாட்டு வரலாற்றின் பெருமைமிகு நாள்களுள் ஒன்றாக இன்றும் அதனைப் போற்றுகின்றனர்.

அரங்கம் ஒன்றே, விதி ஒன்றே, எண்ணிக்கையும் ஒன்றே. முதல் நாள் சலிப்பு என்றவர், இரண்டாம் நாள் மூச்சடக்கி நின்றனர். இடையில் மாறியது ஆட்டமா, பார்த்த கண்ணா? தம் மகளிர் ஆடியபோது, கோல் விழாத ஒவ்வொரு நிமிடத்திலும் நிகழ்ந்துகொண்டிருந்தது என்னவென்று அவர்களுக்குப் புரிந்தது. லில்லி காத்த அந்தப் பந்து எந்தப் புள்ளிப் பட்டியலிலும் ஏறவில்லை. ஆட்டத்தின் விதியை நிர்ணயித்ததோ அதுதான்.

இதனை இத்தனை வலியுறுத்திக் கூறக் காரணம் உண்டு. 1967இல் அமெரிக்கத் தொலைக்காட்சி முதன்முதலாகத் தொழில்முறைக் கால்பந்தைத் தொடர்ந்து ஒளிபரப்பத் தொடங்கியபோது, விளம்பரத்துக்கு இடம் தேடி நடுவர் விசில் ஊதிய கதை வெளிவந்து இழிவாயிற்று. அமெரிக்காவும் கனடாவும் மெக்சிகோவும் இணைந்து நடத்தும் உரிமை பெற்ற 2026ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கென 2025 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது: வெப்பம் எவ்வாறிருப்பினும் ஒவ்வோர் ஆட்டத்திலும் இரு பாதிகளின் நடுவிலும் நீரருந்த மூன்று நிமிட இடைவேளை. வெயிலில் வாடும் வீரனுக்கு நீர் வேண்டும். அதனை நாம் மறுக்கவில்லை. வெயில் இல்லாத நாளிலும் அந்த இடைவேளை எவருக்காக என்பதே நம் ஐயம். இடையறாது ஓடும் நாற்பத்தைந்து நிமிடம், பயிற்சியாளரின் கைக்கு எட்டாத தூரத்தில் வீரன் தானே சிந்தித்து ஆடும் நாற்பத்தைந்து நிமிடம், கால்பந்தின் அடிப்படைச் செல்வம். குறை கூறுவோரை மகிழ்விக்க அதனைத் துண்டாடத் தொடங்கினால், இரு முறை தோற்ற சோதனையை மூன்றாம் முறை, அதுவும் உலகம் முழுவதன் செலவில், நடத்தியதாக முடியும்.

அமெரிக்க நண்பர்கள் தம் ஆட்டங்களைக் கைவிட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. டான் லார்சன் எறிந்த பந்துகளை எந்தக் கண்ணால் பார்த்தார்களோ, அந்தக் கண்ணை இங்கேயும் கொண்டுவந்தால் போதும். அதுவரை கோல்களை எண்ணுவோர் எண்ணிக்கொண்டிருக்கட்டும். ஆட்டத்தைப் பார்ப்போர் பார்த்துக்கொண்டிருப்போம்.